திறந்து வைத்த ஜூஸ் ஏன் பொங்குகிறது?

கடந்த கோடையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. மே மாதம், சென்னை வெயில். பழுது பார்ப்பவர் வர நான்கு நாளாகும் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தோம். பாலைக் காய்ச்சி, குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, மாவைத் தோசையாக வார்த்துத் தீர்த்த பிறகு மிஞ்சியது ஒரு லிட்டர் ஆப்பிள் ஜூஸ் பாட்டில். பத்து நாளுக்கு முன்பே திறந்தது, கால்வாசி காலி. சமையல் மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு அதை மறந்துபோனேன்.

முதல் நாள் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலை கை பட்டபோது பாட்டில் கல்லைப் போல இருந்தது. அழுத்தினால் குழியும் பிளாஸ்டிக் அசைந்தே கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் பாட்டில் நேராக நிற்காமல் ஆடியது; அடியில் உட்குழிந்திருந்த பகுதி வெளியே பிதுங்கியிருந்தது. மூடியைக் கால் திருகு திருகினேன். சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் ஒரு சீறல். நுரை கழுத்துவரை ஏறி, விரலில் வழிந்து, மெல்ல அடங்கியது. கண்ணாடியாகத் தெளிந்திருந்த ஜூஸ் கலங்கிக் கிடந்தது. அடியில் கோலமாவைக் கரைத்து விட்டதுபோல் ஒரு வெளிர் படிவு. மோந்து பார்த்தேன். முதலில் பேக்கரி வாசனை. அதற்குப் பின்னால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி கொஞ்சம்.

“தானாகப் புளித்துவிட்டது, கொட்டிவிடு” என்றார் அம்மா. பாதியைக் கொட்டினேன். மீதிப் பாதியின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அந்தத் ‘தானாக’ என்ற சொல்தான் மனத்தில் தங்கிவிட்டது. ஆலையில் சூடாக்கி, கிருமி நீக்கி, முத்திரையிட்டு வந்த ஜூஸ் அது. நாங்கள் ஈஸ்ட் எதுவும் தூவவில்லை. பிறகு எப்படிப் பொங்கியது?

சர்க்கரை எங்கே போகிறது?

பொங்கவைத்தது ஈஸ்ட்தான். ஒற்றை உயிரணுவால் ஆன பூஞ்சை. காளானுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 150 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறியது. அதன் உணவு சர்க்கரை. சர்க்கரை மூலக்கூறை உள்ளே இழுத்துப் படிப்படியாக உடைத்து, அதில் வரும் கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டாததை வெளியே தள்ளுகிறது. தள்ளுவது இரண்டு: எத்தில் ஆல்கஹால், கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் வரும் என்பது வேதியியல் கணக்கு. ஏறக்குறைய சரிபாதி.

என் பாட்டிலின் லேபிளில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. லிட்டருக்கு 110 கிராம். ஒயின் தயாரிப்பவர்கள் மனக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்: லிட்டரில் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். அதன்படி, கடைசித் துளி சர்க்கரைவரை நொதித்த ஆப்பிள் ஜூஸில் ஆறரை சதவீதம்வரை ஆல்கஹால் இருக்கும். சாதாரண பீரைவிடச் சற்றே கூடுதல். கூடவே வரும் வாயுவை வெளியே விட்டால் ஏறக்குறைய 30 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் பாட்டிலின் அடி பிதுங்கியதில் வியப்பில்லை.

இதைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. சமையலறையில் புளித்தல், பாடப்புத்தகத்தில் நொதித்தல், காவல்துறைச் செய்திகளில் ஊறல். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழில் அடிக்கடி வருமே, அந்த ஊறல். இவற்றில் புளித்தல் சற்று ஏமாற்றும் சொல். நுனிநாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தபோது என் ஜூஸில் புளிப்பு ஏறியதாகத் தெரியவில்லை. இனிப்பு இறங்கியிருந்தது, அதனால் எப்போதும் உள்ளே இருந்த ஆப்பிளின் புளிப்பு தலை தூக்கியிருந்தது.

முதல் நாள் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல சூட்டில், சர்க்கரைத் தண்ணீரில், ஈஸ்ட் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் அளவுக்குச் சேரும்போதுதான் கலங்கல் நம் கண்ணுக்குப் படத் தொடங்குகிறது. முக்கால் லிட்டருக்கு 75 கோடி. நூறே நூறு ஈஸ்ட் உள்ளே இருந்தாலும் 23 முறை இரட்டித்தால் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். அதாவது 46 மணி நேரம். இரண்டாம் நாள் மாலை என் கையில் பட்ட கல் இதுதான். இரட்டிப்பின் குணமே அது: 44-ஆம் மணி நேரத்தில்கூட பாட்டில் பாதிதான் கலங்கியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். காற்றுப் புகாமல் அடைத்தால்தான் ஆல்கஹால் உண்டாகும் என்று பள்ளியில் படித்த நினைவு பலருக்கும் இருக்கும். பாதிதான் சரி. நாம் ரொட்டிக்கும் ஒயினுக்கும் பயன்படுத்தும் ஈஸ்ட், சர்க்கரை மிகுதியாகக் கிடைத்தால், காற்று இருந்தாலும் ஆல்கஹால் செய்யும். மூடியைத் தளர்த்தி வைத்தால் ஜூஸ் நொதிக்காது என்று நம்ப வேண்டாம். பாட்டில் வெடிக்காது, அவ்வளவுதான்.

தானாகவா, யாராவது வந்தா?

இந்தக் கேள்விக்காக ஐரோப்பாவில் பெரிய தலைகள் ஒரு நூற்றாண்டு சண்டை போட்டிருக்கின்றன. 1680-இலேயே ஹாலந்தின் லேவன்ஹூக் தன் கண்ணாடிவில்லையின் அடியில் பீரை வைத்து, அதில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்துவிட்டார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. 1837-இல் ஜெர்மனியின் தியோடோர் ஷ்வான் போன்றவர்கள், இவை உயிர்கள், இவைதான் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகின்றன என்றார்கள். அன்றைய வேதியியலின் மன்னர்களான லீபிக்குக்கும் வோலருக்கும் இது பொறுக்கவில்லை. பெயர் போடாமல் ஒரு நையாண்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். சாராயம் வடிக்கும் குடுவை வடிவில் ஒரு குட்டி விலங்கு. வாயால் சர்க்கரையைத் தின்கிறது, பின்புறத்தால் ஆல்கஹாலைக் கழிக்கிறது, சிறுநீர்ப்பையிலிருந்து கரியமில வாயுவை விடுகிறது! கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு ஏறக்குறைய உண்மையையே எழுதிவிட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

சண்டையை முடித்தவர் லூயி பாஸ்டர். அவர் செய்தவற்றில் நம் பாட்டிலுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது 1878-இல் நடந்த ஒரு சோதனை. அந்த ஆண்டு இறந்துபோன உடலியல் அறிஞர் கிளோத் பெர்னார்டின் குறிப்புகள் வெளியாயின. திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் இல்லாமலேயே ஆல்கஹால் உருவாகிறது என்று அவற்றில் இருந்தது. பாஸ்டர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. கண்ணாடிக் கூண்டுகள் செய்யச் சொல்லி, சொந்த ஊரான ஆர்புவாவின் திராட்சைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், காய்கள் பச்சையாக இருக்கும்போதே கொடிகளை மூடிவிட்டார். அக்டோபரில் பழுத்ததும் நசுக்கிப் பார்த்தார். திறந்தவெளியில் பழுத்த திராட்சையின் சாறு நொதித்தது. கூண்டுக்குள் பழுத்ததன் சாறு சும்மா இருந்தது. ஈஸ்ட் பழத்துக்குள் பிறப்பதில்லை, வெளியிலிருந்து வந்து தோலில் உட்காருகிறது என்பது அதோடு நிலைநாட்டப்பட்டது.

இதில் பிறகு ஒரு திருத்தம் வந்தது. ஈஸ்ட் என்று பொதுவாகச் சொன்னாலும், வலுவாக நொதிக்கவைக்கும் சக்கரோமைசிஸ் இனம் பழத்தோலில் அரிது. நல்ல திராட்சைகளில் ஆயிரத்தில் ஒன்றில்தான் அது இருக்கும் என்றும், கீறலோ வெடிப்போ விழுந்த பழங்களில் நான்கில் ஒன்றில் இருக்கும் என்றும் 1990-களின் ஆய்வு ஒன்று கண்டது. கீறலில் இனிப்புக் கசியும், இனிப்புக்குப் பழ ஈயும் குளவியும் வரும், அவற்றின் காலிலும் வாயிலும் ஈஸ்ட் ஒட்டி வரும். குளவியின் குடலுக்குள்ளேயே ஈஸ்ட் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதும் தெரியவந்திருக்கிறது.

சரி, என் பாட்டிலுக்கு எப்படி வந்தது? ஆலையிலிருந்து வரவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வந்திருந்தால் கடை அலமாரியிலேயே உப்பியிருக்கும். திறந்த பிறகு பத்து நாளில் எத்தனையோ வழி. மேடைமேல் வாழைப்பழத் தாறு தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி எப்போதும் நாலைந்து பழ ஈக்கள். பாட்டிலின் வாயில் உலர்ந்த இனிப்புப் பிசுக்கு, அதைத் துடைத்த ஈரத்துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, டம்ளரைத் தேட அலுத்துக்கொண்டு பாட்டிலிலேயே வாய் வைத்துக் குடிக்கும் என் மகன். குடித்தது போக ஒரு வாய் உள்ளே திரும்பிப் போகும். ஃப்ரிட்ஜின் குளிரில் அந்தப் பத்து நாளும் வந்தவை தூங்கி வழிந்துகொண்டிருந்தன. ஃப்ரிட்ஜ் படுத்தது, அவை எழுந்துகொண்டன.

இன்னொரு விதத்திலும் கடை ஜூஸ் புதுப் பழச்சாற்றிலிருந்து வேறுபடுகிறது. பிழிந்த சாறு ஒரு சந்தை மாதிரி. பல இன ஈஸ்டுகள், பாக்டீரியாக்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். முதல் ஓரிரு நாள் ஹான்செனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்டுகள் கை ஓங்கும். ஆல்கஹால் மூன்று நான்கு சதவீதத்தைத் தாண்டினால் அவை சோர்ந்துவிடும், ஆல்கஹாலைத் தாங்கும் சக்கரோமைசிஸ் மேலே வரும். சூடாக்கிய கடை ஜூஸில் அந்தச் சந்தை கலைக்கப்பட்டிருக்கிறது. காலி மனை. முதலில் யார் வந்து உட்காருகிறார்களோ அவர்கள் இஷ்டம். அதனால்தான் ஒரே பிராண்டு ஜூஸ் ஒரு வீட்டில் நுரைக்கிறது, இன்னொரு வீட்டில் பூசணம் பிடிக்கிறது, மூன்றாம் வீட்டில் ஒன்றுமே ஆகாமல் கிடக்கிறது. நகப்பூச்சு நெடி காட்டு ஈஸ்டுகளின் கைவரிசை. அவை எத்தில் அசிடேட் என்ற பொருளைத் தாராளமாகச் செய்யும்.

பல் மருத்துவரின் திராட்சைச் சாறு

புட்டியில் அடைத்த பழச்சாறு என்ற சரக்கு பிறந்ததே இந்தப் பொங்கலைத் தடுக்கத்தான். 1869-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் பாஸ்டரின் முறையைத் திராட்சைச் சாற்றில் செய்து பார்த்தார். அவர் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர், மதுவை அறவே வெறுத்தவர். நற்கருணைச் சடங்கில் ஒயினுக்குப் பதிலாக வைக்க, ஆல்கஹால் ஏறாத சாறு அவருக்கு வேண்டும். அதுவரை திராட்சைச் சாறு என்றால் பிழிந்த ஓரிரு நாளில் ஒயினாகிவிடும் பொருள்தான். புட்டியில் ஊற்றி, மூடி, வெந்நீரில் வேகவைத்தார். சாறு சாறாகவே நின்றது. ‘நொதிக்காத ஒயின்’ என்று பெயர் வைத்து விற்றார்.

அரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் இதன் தலைகீழ் நடந்தது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. திராட்சைச் சாற்றைக் கெட்டியாகச் சுண்டவைத்துக் கட்டியாக விற்றார்கள். இதைத் தண்ணீரில் கரைத்து ஜாடியில் ஊற்றி அலமாரியில் இருபது நாள் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும் என்று ஓர் எச்சரிக்கை கூடவே வரும். செய்முறைக் குறிப்பை இதைவிட நாசூக்காக எழுத முடியாது.

பாக்கெட் ஏன் ஆறு மாதம் கெடுவதில்லை?

“ஆறு மாதம் கெடாமல் இருக்கிறதென்றால் அதில் எவ்வளவு விஷம் போட்டிருப்பார்கள்” என்று சொல்லாத உறவினர் இல்லாத வீடு இருக்காது. அட்டைப்பெட்டி ஜூஸைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் அநியாயமான குற்றச்சாட்டு. சாறு ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கப்படுகிறது. ஈஸ்ட் 60 டிகிரியிலேயே சில நிமிடங்களில் செத்துவிடும் என்பதால் இது தாராளம். பிறகு, தனியே கிருமி நீக்கப்பட்ட அட்டையில், கிருமி இல்லாத அறையில் நிரப்பி ஒட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக், காகித அட்டை, மெல்லிய அலுமினியம் என்று அடுக்கடுக்கான சுவர். உள்ளே யாரும் இல்லை, வெளியிலிருந்து வர வழியும் இல்லை. இந்தியாவில் 1985-இல் ஃப்ரூட்டி வந்தபோது நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்த பெட்டி இந்த வகைதான். திறந்த கணத்தில் இந்தப் பாதுகாப்பு தீர்ந்துவிடுகிறது. காலாவதித் தேதி ஆறு மாதம் தள்ளி இருந்தாலும், திறந்த பெட்டிக்கு அந்தத் தேதி பொருந்தாது. ‘திறந்த பின் குளிரில் வைத்துச் சில நாளில் பயன்படுத்தவும்’ என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் அதற்கப்புறம் கணக்கு.

சில பாட்டில்கள் திறந்து மூன்று வாரமானாலும் பொங்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு எண்) 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். இரண்டும் ஈஸ்டையும் பூசணத்தையும் அடக்குபவை. பக்கத்திலேயே இருக்கும் 330, 300 ஆகியவற்றைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். முதலாவது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், இரண்டாவது வைட்டமின் சி.

பென்சோயேட் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. புளிப்பான சாற்றில் அது பென்சாயிக் அமிலமாக மாறி, மின்னேற்றம் இல்லாத அப்பாவி வேடத்தில் ஈஸ்டின் தோலைக் கடந்து உள்ளே போய்விடும். ஈஸ்டின் உள்ளே புளிப்பு குறைவு. அங்கே போனதும் அமிலம் தன் புளிப்பை அவிழ்த்துவிடும். ஈஸ்ட் பதறி அந்தப் புளிப்பை வெளியே இறைக்கத் தொடங்கும். இறைக்க இறைக்க ஆற்றல் தீரும். வளரவோ இரட்டிக்கவோ தெம்பு மிஞ்சாது. கொல்வது குறைவு, முடக்குவதே அதிகம். அதனால் இரண்டு விளைவுகள். சாறு புளிப்பாக இருந்தால்தான் இந்த மருந்து பலிக்கும், பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; புளிப்பு கூடினால் இது குறையும்) 4.5-க்கு மேல் போனால் பயன் மங்கிவிடும். மேலும், பத்து ஈஸ்டை முடக்கும் அளவு பத்துக் கோடியை முடக்காது. வாய் வைத்துக் குடித்து, வெயிலில் வைத்து, கூட்டத்தைச் சேர்த்துவிட்டால் பென்சோயேட் போட்ட ஜூஸும் பொங்கும். போதாததற்கு, சைகோசக்கரோமைசிஸ் பெய்லியை என்று ஓர் ஈஸ்ட் இருக்கிறது. நாம் உணவில் அனுமதிக்கும் அளவுப் பாதுகாப்பான்களைச் சட்டை செய்யாது. குளிர்பான ஆலைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

புளிப்பு மட்டும் ஈஸ்டைத் தடுக்காதா என்று கேட்கலாம். ஆப்பிள், ஆரஞ்சு, அன்னாசிச் சாறுகளின் பி.எச். பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில். பல பாக்டீரியாக்களுக்கு அது நரகம். ஈஸ்டுக்கோ சொந்த வீடு. பழச்சாறு கெடும்போது பாலைப்போல் நாறாமல், நுரைத்து மணப்பதன் காரணம் இதுவே.

பனையின் உச்சியில் இதே பாடம்

தென் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. பனம்பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி விடுகிறார்கள். பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். கலயத்திலும் பாளையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சொட்டு விழ விழ வேலையைத் தொடங்கிவிடும். விடிந்து இறக்கும்போது நுரைத்த கள். யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. நேற்றைய கலயமே இன்றைய உறை.

பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடும், அதாவது புளிப்புக்கு நேர் எதிராக. அந்தக் காரத்தில் ஈஸ்டும் வளராது, பாக்டீரியாவும் வளராது. மாலைவரை இனிப்பு இனிப்பாகவே நிற்கும். ஆலைக்காரன் புளிப்பையும் சூட்டையும் வைத்துக் காப்பதை, பனையேறி சுண்ணாம்பை வைத்து எதிர்த் திசையிலிருந்து காத்திருக்கிறார். ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்.

குடிக்கலாமா?

எனக்கு வரும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். நான் குடிக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நொதித்த பழச்சாறு என்றாலே மெத்தனால் விஷம் என்று பலர் அஞ்சுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு இந்த அச்சம் இயல்பானது. ஆனால் அங்கே உயிரைக் குடித்தது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைக் கலந்த சாராயம். பழச் சதையை இறுக்கிப் பிடிக்கும் பெக்டின் என்ற பொருளிலிருந்து நொதித்தலின்போது வரும் மெத்தனால் மிகச் சிறிய அளவு. வடிக்காத சாற்றில் அது ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருப்பதில்லை.

உண்மையான அபாயம், யார் குடியேறினார்கள் என்று நமக்குத் தெரியாது என்பதில்தான் இருக்கிறது. ஈஸ்ட் வந்தால் நுரை தெரியும். பூசணம் வந்தால் மேலே பஞ்சுபோல் மிதக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பது மடத்தனம். ஆப்பிளில் வளரும் ஒரு பென்சிலியம் பூசணம் பாட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. ஆப்பிள் ஜூஸில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டு வரம்பே வைத்திருக்கிறார்கள். நஞ்சு கண்ணுக்குத் தெரியும் பஞ்சில் மட்டும் இருக்காது, சாறு முழுவதும் கலந்திருக்கும். இன்னொரு வகை பாக்டீரியா, ஆலையின் சூட்டையும் தாங்கும் வித்துகளாக மண்ணிலிருந்து வருகிறது. 1980-களில் ஜெர்மனியில் ஆப்பிள் ஜூஸைக் கெடுத்து அது பெயர் வாங்கியது. பாக்கெட் உப்பாது, நுரைக்காது. திறந்தால் மருத்துவமனை வாடை வரும். ஆளுக்குக் கேடு செய்வதாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு வாய்க்கு மேல் இறங்காது.

இனி, புளிப்பு இல்லாத சாறுகள். கேரட் ஜூஸ், இளநீர், கரும்புச் சாறு. இவற்றின் பி.எச். 4.6-க்கு மேல். அந்த எல்லைக்கு மேல் காற்றில்லாத இடத்தில் போட்டுலிசம் நோயை உண்டாக்கும் நரம்பு நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியா வளர முடியும். 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் புட்டியில் அடைத்த கேரட் ஜூஸைக் குடித்துச் சிலர் கை கால் செயலிழந்து விழுந்தார்கள். குளிரில் வைக்க வேண்டிய ஜூஸ் வெளியே கிடந்தது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நுரையோ வாடையோ காட்டிக்கொடுக்கும் என்ற உறுதி அங்கே கிடையாது. ஆப்பிளுக்குச் சொன்னதை இளநீருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, மது அருந்தாதவர்களுக்கு ‘இலேசாகப் பொங்கிய’ ஜூஸைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல, புதிய பழச்சாற்றிலும் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக ஆல்கஹால் இருப்பது வழக்கம்தான். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் கல்லாக இறுகிய பாட்டில் அந்த அளவை எப்போதோ கடந்திருக்கும். வேண்டுமென்றே செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

மூடியில் கை வைக்கும் முன்

ஷாம்பெயின் தயாரிப்பவர்கள், புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைக்க லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். அந்த 24 கிராமே புட்டிக்குள் ஆறு வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கிவிடும்; கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்காகவே அந்தப் புட்டிகளை அவ்வளவு தடிமனாகச் செய்கிறார்கள். நம் ஆப்பிள் ஜூஸில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் உப்பி, பிதுங்கி, ஆடி எச்சரிக்கை கொடுக்கும். கண்ணாடிப் புட்டி கொடுக்காது.

உப்பிய பாட்டிலைக் கண்டால் உடனே திறக்க வேண்டாம், குலுக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் சில மணி நேரம் உள்ளே வையுங்கள். குளிரக் குளிர வாயு சாற்றில் கரைந்து அழுத்தம் இறங்கும். பிறகு துணியால் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் நிறுத்தி, மூடியை நூலளவு திருகி நிறுத்தி, சீறல் அடங்கிய பிறகு மீண்டும் நூலளவு. நான் செய்ததுபோல் கால் திருகு திருகாதீர்கள். என் சமையல் மேடையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. கடையில் முத்திரை உடையாத பெட்டியே உப்பியிருந்தால், ஆலையிலேயே ஏதோ தப்பியிருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஊசிமுனைத் துளை விழுந்திருக்கிறது என்று பொருள். காசைத் திரும்ப வாங்குங்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அதை அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, பால்கனியில் வைத்தேன். ஒரு வாரத்தில் குமிழிகள் நின்றன. சாறு அடியில் படிவை விட்டுவிட்டு மேலே தெளிந்தது. அதற்குப் பிறகு பழ ஈக்கள் துணிமேல் கூட்டமாக வந்து உட்காரத் தொடங்கின. அவை முட்டி மோதிய காரணம் மூன்றாம் வாரம் எனக்கும் எட்டியது: ஆல்கஹாலின் மணம் குறைந்து மூக்கைத் துளைக்கும் காடி நெடி. அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வந்து சேர்ந்திருந்தது. ஈஸ்டைப்போல் இல்லாமல் அதற்குக் காற்று கட்டாயம் வேண்டும். ஆல்கஹாலை எடுத்துக் காற்றோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்கும். ஆறாம் வாரம் சாற்றின்மேல் பாலாடைபோல் ஒரு வழுவழுப்பான ஏடு படர்ந்திருந்தது. ஏட்டை நீக்கி வடிகட்டியபோது கிடைத்தது அரை பாட்டிலுக்கும் குறைவான வினிகர்.

சாலட்டில் ஊற்றும் துணிச்சல் வரவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் குளியலறைக் குழாயில் பல ஆண்டாக வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. துணியை அதில் நனைத்து இரவு முழுவதும் குழாயில் சுற்றிவைத்தேன். காலையில் தேய்த்தபோது அது சின்னச் சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டு உதிர்ந்தது. அந்தக் குமிழியும் கரியமில வாயுதான்.